கேட்டுட்டு கையைக் குடுங்க, அம்புட்டுதான்

கண்ணு தெரியாத ஒருத்தருக்கு ஒரு பையன் 'உதவி' பண்ணுத அந்த களியக்காவிளை பஸ் ஸ்டாண்டு ரீல்ஸை நேத்துல இருந்து ஆளாளுக்கு எனக்கே அனுப்பிட்டு இருக்கீங்க. பாத்தாச்சு மக்கா. போனை மூக்குக்கு கிட்ட வெச்சு நிறுத்தி நிறுத்தி பாத்தாச்சு. சோகப் பாட்டு, "மனிதநேயம் இன்னும் சாகலை"ன்னு எழுத்து, கீழ வரிசையா கைகூப்பு. அந்தப் பையன் அந்தக் கண்ணு தெரியாத அண்ணனோட வெள்ளைக் கம்பை நுனியில புடிச்சு தரதரன்னு இழுத்துட்டுப் போறதும், அவரு "தம்பி நில்லு, தம்பி நில்லு"ங்கதும் ஒருத்தர் கண்ணுலயும் படல. எனக்குத்தான் கண்ணு தெரியாதாம்.

"கேட்டுட்டு உதவி பண்ணலாமே"ன்னு ஒரே ஒரு வரி கமெண்ட் போட்டேன். அதுக்கு வந்த பதிலைப் பாக்கணுமே. "உதவி பண்ணினாலும் குத்தமா", "உங்களுக்கெல்லாம் திமிரு", "அப்ப ஓடையில விழுந்து கெடங்க". நல்ல மனிதநேயம்.

உதவாதீங்கன்னு எவன் சொன்னான்? கேளுங்கன்னு சொன்னேன். "உதவி வேணுமாண்ணே?" அம்புட்டுதான். வேணும்னா உங்க முழங்கையை நீட்டுங்க, அவரு புடிச்சுக்குவாரு, நீங்க அரை அடி முன்னால நடங்க. படி வந்தா ஏறுதா இறங்குதான்னு சொல்லுங்க. "அங்க போங்க, இந்தா இப்டி"ன்னு கை காட்டாம வலதா இடதான்னு சொல்லுங்க. விட்டுட்டுப் போகும்போது "நான் போறேண்ணே"ன்னு ஒரு வார்த்தை, இல்லைன்னா காத்துட்ட பேசிட்டு நிப்போம். அந்தக் கம்பு நுனி தரையைத் தட்டித்தான் முன்னால பள்ளமா படியான்னு கைக்குத் தெரியும். அதையே நீங்க தூக்கிப் புடிச்சுட்டா அவரு எதை வெச்சு நடக்க?

நமக்கு ஆர்பி. விழித்திரை நோய். மொதல்ல ராத்திரி பார்வை போச்சு, அப்புறம் ஓரத்துல இருந்து சுருங்கி, இப்ப நடுவுல ஒரு ஓட்டை வழியா பாக்குற மாதிரி. நேரா இருக்க போர்டைச் சிலநேரம் வாசிப்பேன், பக்கத்துல நிக்க போஸ்ட்டுல இடிப்பேன். கம்பும் வெச்சிருக்கான் போனும் பாக்கான், டூப்பு டிக்கெட்டுன்னு என் காதுபட பேசியிருக்காங்க. மார்த்தாண்டத்துல ஒருநாள் தேய்ச்ச சட்டை, தோள்ல ஆபீஸ் பேக்குன்னு பஸ்ஸுக்கு நிக்கேன், ஒரு கை என் கையை விரிச்சு பத்து ரூபா நோட்டை வெச்சு மூடிட்டுப் போயாச்சு. யாருன்னுகூட தெரியாது. அந்த நோட்டை வெச்சுட்டு நான் நின்ன நிலை இருக்கே... விடுங்க, சொன்னா அதுவும் திமிருன்னுதான் வரும்.

நம்ம பார்டர்ல கேரளா பஸ் போர்டு மலையாளத்துல வரும். நல்லா கண்ணு தெரியுத நம்மாளுங்களே "அண்ணே, நெய்யாற்றின்கரை போவுமா"ன்னு கேட்டுத்தான ஏறுதாங்க? அவங்களை எவனாவது "அய்யோ பாவம்"னு தூக்கிட்டு ஓடுதானா? நாங்க கேட்டா மட்டும் ரீல்ஸ்.

"அவசரத்துல கேட்டுட்டு இருக்க முடியுமா"ன்னு ஒரு அறிவாளி. லாரி மோத வந்தா இழுங்கப்பா, நானே கும்பிடுதேன். அந்த வீடியோவுல லாரியா வந்துச்சு? ஸ்டாண்டுக்குள்ள டீக்கடை ஓரம் சும்மா நின்ன மனுஷன்.

"படிக்காத சனத்துக்கு இதெல்லாம் எப்டி தெரியும்"னு இன்னொருத்தர். பாறசாலையில டீக்கடை வெச்சிருக்க சேச்சி எந்த கிளாஸுக்கும் போனதில்ல. என்னைப் பாத்தா "மோனே, எவிடயா போகேண்டது"ன்னு கேப்பா, கிளாஸ் கழுவுன ஈரக்கையை முண்டுல துடைச்சுட்டு முழங்கையை நீட்டுவா, பஸ்ஸு வரைக்கும் வந்து கம்பியில என் கையை வெச்சுட்டு திரும்பிப் போயிருவா. போட்டோ இல்ல, பாட்டு இல்ல. படிச்சு கேமரா வெச்சிருக்கவனுக்குத்தான் தெரியல.

இம்புட்டு பாசம் பொங்குதே, நடைபாதையில கோடும் புள்ளியுமா மேடு தட்டி பதிச்சிருக்க அந்த மஞ்சள் டைல்ஸ் மேல நிறுத்தியிருக்க பைக்கை எடுங்களேன். அது அலங்காரத்துக்கு போட்டதுன்னு நெனச்சீங்களா? செய்ச்சி மியாக்கேன்னு ஒரு ஜப்பான்காரரு கண்டுபுடிச்சது, 1967ல ஒகாயாமாவுல பார்வையில்லாத பிள்ளைங்க ஸ்கூல் பக்கத்துலதான் மொதல்ல பதிச்சாங்க. கோடு இருந்தா நட, புள்ளி இருந்தா நில்லு. மஞ்சள் எதுக்குன்னா என்னை மாதிரி அரைகுறைப் பார்வைக்கும் தெரியணும்னு. நம்மூர்ல அது கோடு போட்டுக் கூட்டிட்டுப் போயி நேரா ஒரு தூண்ல முட்ட விடுது, இல்லைன்னா பழக்கடை கூடையில. 2016ல மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போட்டாச்சு, விதி வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள பழைய பொதுக் கட்டடங்களையும் சரி பண்ணணும்னு அதுலயே இருக்கு, 2017ல விதியும் வந்தாச்சு. கணக்கு நீங்களே போடுங்க. தூண்ல முட்டாம டைல்ஸ் சரியா இருந்தா, பஸ்ஸுல நம்பர் சத்தமா சொன்னா எங்களுக்கு உங்க மனிதநேயம் பாதி நாள் வேண்டியே இருக்காது. அதுக்கு ஒரு ரீல்ஸ் போடுங்கடேன்னா ஒருத்தன் வாயும் தெறக்காது. வெப்ராளமா வருது.

அந்த அண்ணன் யாருன்னு தெரியாது, வீடியோ போட அவருகிட்ட கேட்டானான்னும் ஒருத்தரும் கேக்கல. அவரு மூஞ்சி இப்ப ஊரு பூரா சுத்துது. எடுத்தவங்க இதைப் படிச்சா அந்த வீடியோவைத் தூக்குங்க.

அப்புறம் "இவ்ளோ நீளமா டைப் பண்ணியிருக்கீங்க, உங்களுக்கு கண்ணு தெரியாதுன்னு எப்டி நம்ப"ன்னு கேக்கப் போற அன்பர்களுக்கு: டாக்பேக்னு ஒண்ணு போன்லயே இருக்கு, தொட்டா வாசிச்சுக் காட்டும். உங்க கமெண்டையும் அதுதான் எனக்கு வாசிக்கும். யோசிச்சு எழுதுங்க.