மைக் துளையில் இசைத்தட்டு: ஒரு திருத்தம்

"ரெக்கார்ட் பிளேயரை லினக்ஸ் கணினியின் மைக் துளையில் நேராகச் செருகுங்கள், ஆடாசிட்டியில் நார்மலைஸ் கொடுத்தால் போதும்" என்று, இசைத்தட்டைக் கணினியில் பதிவது பற்றிய குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். (ஆடாசிட்டி ஒலிப்பதிவு மென்பொருள்; நார்மலைஸ் அதில் மொத்த ஒலியளவை உயர்த்தும் வசதி.) இது சரியில்லை. கேசட் டெக்கின் லைன் அவுட்டில், அதாவது ஒலியை வெளியே அனுப்பும் துளையில், வருவது ஏற்கெனவே சமன்செய்யப்பட்ட ஒலி. அதைக் கணினியின் லைன் இன்னில், அதாவது அப்படிப்பட்ட ஒலியை வாங்கும் துளையில், அப்படியே கொடுக்கலாம். இசைத்தட்டு வேறு.

தட்டை வெட்டும்போதே அடித்தொனியைக் குறைத்து, கீச்சொலியைத் தூக்கித்தான் பதிகிறார்கள். 1950-களின் நடுவிலிருந்து இதற்கு ஆர்ஐஏஏ வளைவு என்ற பொது அளவு இருக்கிறது. திரும்ப ஒலிக்கும்போது 1 கிலோஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் கூட்ட வேண்டும், 20 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்க வேண்டும். நார்மலைஸ் எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் தூக்கும், இரைச்சலையும் சேர்த்து. நானும் அப்படிப் பதிந்து பார்த்திருக்கிறேன்: பேஸ் கிட்டார் இருந்த சுவடே இல்லை, "ஸ" வரும் இடமெல்லாம் காதைக் கீறியது.

ஊசியிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட். போதாததற்கு, பல மைக் துளைகள் மோனோ, அதாவது ஒற்றைத் தடம்.

நடுவில் ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது ஊசியின் ஒலியைப் பெருக்கி அந்த வளைவையும் திருத்தும் கருவி, வேண்டும். சில பிளேயர்களுக்குள்ளேயே அது இருக்கும். பின்புறம் ஃபோனோ, லைன் என்று சுவிட்ச் இருக்கிறதா என முதலில் பாருங்கள். ஆடாசிட்டியின் ஃபில்டர் கர்வ் என்ற சமன்செய்யும் வசதியில் ஆர்ஐஏஏ இருப்பது உண்மைதான், ஆனால் அது வளைவைத்தான் திருத்தும்; மோனோவாகப் பதிந்ததை ஸ்டீரியோ ஆக்காது. லினக்ஸின் ஒலியளவுக் கருவியான ஆல்சாமிக்சரில் கேப்சர் (பதிவு) அளவை, உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தட்டு கொஞ்சம் தேயும், அதனால் சத்தம் அதிகமான பகுதியில் ஒரே ஒரு நிமிடம் சோதித்துவிட்டு முழுசாகப் பதியுங்கள்.