அந்த ஆயிரம் ரூபாய் கொள்ளை இல்லை

இரண்டு நாளாக அந்த வீடியோ என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஹெல்மெட் போடாமல் வந்தவர், ஆயிரம் ரூபாய் அபராதம் பகல் கொள்ளை இல்லையா என்று எஸ்.ஐ.யிடம் எகிறுகிறார், சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். "சரியான கேள்வி" என்று என் நட்புப் பட்டியலில் மட்டும் பதினோரு பேர் பகிர்ந்திருக்கிறீர்கள். அதில் இரண்டு பேர் டாக்டர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆயிரம் ரூபாய் பகல் கொள்ளையாம். 2022 அக்டோபர் வரை தமிழ்நாட்டில் அது 100 ரூபாய்தான். அப்போது எத்தனை பேர் ஹெல்மெட் போட்டீர்கள்?

என் சித்தப்பா மகன் அந்த 100 ரூபாயை இரண்டு தடவை கட்டினான். "டீ செலவுண்ணே" என்று சிரித்தான். 2017இல் மேலூர் ரோட்டில் நாய் குறுக்கே வந்து விழுந்தான். உடம்பில் சிராய்ப்பு மட்டும்தான். அடி தலையில். ஸ்டேஷனில் வண்டியை எடுக்கப் போனவன் நான். ஹெல்மெட் கைப்பிடியில் மாட்டியபடியே இருந்தது. அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவன் உரிக்கவில்லை. பர்ஸில் இரண்டாவது ரசீது நாலாக மடித்து இருந்தது. அன்றைக்கு அது ஆயிரமாக இருந்திருந்தால் பயந்தாவது போட்டிருப்பான். கொள்ளை இல்லை அது.

"முதலில் ரோட்டைப் போடு" என்பீர்கள். சரி, போடட்டும், குழி விட்ட கான்ட்ராக்டரையும் பிடிக்கட்டும். ஆனால் குழி இருக்கிற ரோட்டில்தானே ஹெல்மெட் இன்னும் அவசியம்? "போலீஸ்காரரே போடுவதில்லை" என்பீர்கள். 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சட்டத்தை அமல்படுத்துகிறவர் மீறினால் அபராதம் இரண்டு மடங்கு. அதை வசூலிக்கச் சொல்லிக் கேளுங்கள், நானும் வருகிறேன். "தினக்கூலிக்காரர் என்ன செய்வார்?" இதற்கு மட்டும் என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனால் வீடியோவில் இருப்பவர் ஓட்டி வந்தது இரண்டு லட்ச ரூபாய் பைக்.

2023 நவம்பரில் சென்னையின் குடியிருப்புத் தெருக்களுக்கு 30 கிலோமீட்டர் என்று வேகத்தைக் குறைத்தபோதும் இதே கூச்சல்தான். 60இல் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பந்தை எடுக்க ஓடி வரும் குழந்தையைப் பார்த்து நீங்கள் பிரேக்கில் கை வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள்.

போன பதிவில் இதைச் சொன்னதற்கு என்னை ஆளுங்கட்சி சொம்பு என்றார்கள். எந்த ஆளுங்கட்சி? சட்டம் போட்டது டெல்லி, அமல்படுத்தியது சென்னை. வீட்டில் ஒரு சாவு விழுந்தவன் பேசினால் அதிலும் கட்சியைத்தான் தேடுவீர்களா?

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் யாரோ அந்த வீடியோவைப் போட்டுக் கைதட்டல் பொம்மை வைத்திருந்தார்கள். சித்தியும் அந்தக் குழுவில் இருக்கிறார். பார்த்துவிட்டார் என்று காட்டியது. ஒன்றும் எழுதவில்லை.