கடன் பையன் பேரில், கணக்கு அப்பா மனசில்

பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே, போன ஏப்ரலில், அக்கா வீட்டில் ஒரு லட்ச ரூபாய் கைமாறத் தயாராக இருந்தது. ஒரு கல்லூரியிலிருந்து போன் போட்டு, இப்போதே அட்வான்ஸ் கட்டினால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி என்று சொல்லியிருக்கிறார்கள். மாமா நாலு விசைத்தறி ஓட்டுகிறவர். ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தால் அறுபதாயிரம், மீதிக்கு அக்காவின் வளையல் அடகு, முடிந்தது கதை. "பையனுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டேன். "படிக்கிற புள்ளகிட்ட எதுக்குடா இதெல்லாம்" என்றாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல் வருகிறது. அட்வான்ஸ் போக மற்றதுக்கெல்லாம் கல்விக்கடன்தான். அது யார் பேரில் வருகிறது? அந்தப் பிள்ளை பேரில்தான். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரர். படித்து முடித்து வருஷக்கணக்காகக் கட்டப்போகிறவனிடம் எதையும் சொல்லாமல், விரல் வைத்த இடத்தில் எல்லாம் கையெழுத்து வாங்குகிறோம்.

அன்று ராத்திரி தறியை நிறுத்திவிட்டு (ஓடினால் பேசுவது காதில் விழாது) அவனுடைய கெமிஸ்ட்ரி ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாலு பேரும் உட்கார்ந்து எழுதினோம்.

மாமா பத்தாவது, அக்கா பிளஸ் டூ, வீட்டில் இதுவரை யாரும் டிகிரி வாங்கியதில்லை. அதாவது முதல் பட்டதாரி சலுகை (குடும்பத்தில் முதலாவதாக டிகிரி படிக்கிறவருக்கு அரசு தருகிற கட்டணச் சலுகை) உண்டு. ஆனால் அது, மார்க் வரிசைப்படி அரசு சீட் ஒதுக்குகிற கவுன்சிலிங்கில் எடுத்தால்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் போயிற்று. ஆக, வளையலை அடகு வைத்துக் கட்டப்போன அட்வான்ஸ், நாலு வருஷச் சலுகையைத் தொலைப்பதற்கான காசு! வங்கியிலும் கவுன்சிலிங் சீட்டுக்கு இருக்கிற மரியாதை மேனேஜ்மென்ட் சீட்டுக்கு இருப்பதில்லை.

அப்புறம் வட்டி. படித்து முடித்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது என்றதும் வட்டியும் கிடையாது என்று பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், வட்டி பத்து சதவீதம் என்று வைத்து அவனையே போடச் சொன்னேன். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷ வட்டி 50,000, அடுத்ததற்கு 40,000, அப்புறம் 30,000, கடைசிக்கு 20,000. தவணை தொடங்குகிற அன்று கடன் 5,40,000. அதைப் பத்து வருஷத்தில் கட்டினால் மாசம் ஏழாயிரத்துச் சொச்சம். "முதல் சம்பளமே எவ்வளவு வரும் மாமா?" என்று என்னைக் கேட்டான். நல்ல கேள்வி. எந்த அப்பாவும் இதைத் தனியாக யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டி வந்தால் முதல் வருஷம் மாசம் 833 ரூபாய்தான். குடும்ப வருமானம் வருஷம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்படிப்பாகவும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியாகவும் இருந்தால் தவணை தொடங்கும் வரைக்குமான வட்டியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. வருமானச் சான்றிதழை இ-சேவையில் முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும், ஜூலையில் அங்கே நிற்கிற கூட்டம் தெரியும்தானே. நாலு லட்சம் வரைக்கும் பிணையாகச் சொத்து கேட்பதில்லை, அது ஒரு நிம்மதி.

இன்னொன்றும் நோட்டில் ஏறியது, கொஞ்சம் வலிக்கிற கணக்கு. ஆறாவதிலிருந்து அவனைத் தனியார் பள்ளியில் போட்டு வேனுக்கும் ஃபீஸுக்கும் கொட்டியது. அரசுப் பள்ளியிலேயே விட்டிருந்தால், அங்கே படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணமும் ஹாஸ்டலும் அரசு பார்த்துக்கொள்ளும், தமிழ்ப்புதல்வன் என்கிற அரசு உதவித்தொகையில் மாசம் ஆயிரம் வேறு. அவன் ஆறாவது சேரும்போது இதெல்லாம் கிடையாது, யாரையும் குறை சொல்ல முடியாது. இன்றைக்கு ஆறாவது சேர்க்கிறவர்கள் இந்தக் கூட்டல் கழித்தலையும் போட்டுப் பாருங்கள்.

ஹாஸ்டல் என்று நான் எழுதிய வரியை அவனே அடித்துவிட்டு "பஸ் பாஸ்" என்று எழுதினான். மாமா ரொம்ப நேரம் 5,40,000-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கல்லூரியிலிருந்து திரும்பவும் போன். அக்கா எடுப்பதற்குள் பையன் எடுத்துவிட்டான். "கவுன்சிலிங்ல பாத்துக்கறோம்ங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, டிபன் என்ன என்று கேட்டான்.