குருமனைக்கும் ஓய்வுநாள் வேண்டும்

திருநெல்வேலிச் சீமையில் ஒரு குருவானவர் சோர்ந்துபோனால், அவருக்கு முதலில் கிடைக்கும் ஆலோசனை, "ஐயரே, ஜெபத்தில் இன்னும் தரித்திருங்கள்" என்பதுதான். சொல்லுகிறவர்கள் அன்பினால்தான் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் கடைசியாக எந்த இரவில் ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்கினார், இரத்த அழுத்தத்தை எப்போது பார்த்தார், மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து நிதானமாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. குருவானவர் குடியிருக்கும் வீடான குருமனையில் பிறந்து வளர்ந்து, பின்பு செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குருமாரின் உடல்நலத்தையும் மனநலத்தையும் அவரவர் சொந்தக் காரியமாக விட்டுவிடாமல், சேகரக் கமிட்டி (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் நிர்வாகக் குழு) பொறுப்பெடுத்துக் கவனிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரு சேகரத்தில் பல ஊர்கள். திருவிருந்து ஆராதனையைக் குருப்பட்டம் பெற்றவர்தான் நடத்த முடியும் என்பதால், ஞாயிறு காலையில் ஓர் ஊரில் அங்கியைக் கழற்றிப் பையில் வைத்து, இருசக்கர வாகனத்தில் அடுத்த ஊருக்குப் போய் மறுபடியும் அணிந்துகொள்ளுகிற குருமாரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இடையில் கல்யாணம், அடக்க ஆராதனை, வீட்டு ஜெபம், பள்ளிக்கூட நிர்வாகம், கமிட்டிக் கணக்கு, பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலத்தின் தேர்தல் வந்துவிட்டால் இரண்டு அணிகளுக்கும் நடுவில் நிற்கும் இக்கட்டு. பெரிய வியாழன் இரவு ஆராதனையில் தொடங்கி, மறுநாள் மும்மணி நேர ஆராதனை, ஞாயிறு விடியற்காலை உயிர்த்தெழுதல் ஆராதனை என்று போகும் அந்த நாட்களில் அவர் எப்போது கண்ணயர்கிறார் என்பது அவர் மனைவியான ஐயரம்மாவுக்கு மட்டுமே தெரியும். அந்த அம்மாவும் சம்பளமில்லாமல் பெண்கள் ஐக்கிய சங்கத்தையும் ஞாயிறு பள்ளியையும் சுமந்துகொண்டிருப்பவர்தான்.

சாப்பாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐயர் வீடு சந்திக்க வந்தால் வெறுங்கையோடு அனுப்புவது நம் பக்கத்து வழக்கமில்லை. டிசம்பர் மாதத்தில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும் கீத பவனியில் வீட்டுக்கு வீடு சர்க்கரை போட்ட தேநீர், முந்திரிக்கொத்து, முறுக்கு, கேக். ஒரு வீட்டில் சாப்பிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால், "எங்க வீட்ல கை நனைக்க மாட்டாராமா?" என்ற பேச்சு வரும், அதனால் அவர் மறுக்க மாட்டார். அதன்பின் நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்பி, ஆறிப்போன சோற்றை உண்டு படுப்பார். ஆண்டு முழுவதும் அசனம் என்னும் சபை விருந்து, பிறந்தநாள், வீடு பிரதிஷ்டை என்று இதே கதை. உபசரிப்பு நல்ல குணம்தான். சர்க்கரை நோயுள்ள ஒருவருக்கு அது நாளுக்கு நாள் கெடுதல் செய்கிறது என்பதையும் நாம் சேர்த்தே உணர வேண்டும்.

நேர் எதிரான ஆபத்தையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஜெபத்தை நடத்திய குருவானவர் காலையில் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார். நண்பகலை நெருங்கும்போது வாசித்த வசனத்தையே திரும்பவும் வாசித்தார். வேதாகமத்தின் மேலிருந்த கை நடுங்கியது. மின்விசிறிக்குக் கீழே நின்றும் கழுத்துப் பட்டி முழுவதும் நனைந்திருந்தது. சபையார் அவர் ஆவியில் நெகிழ்ந்திருக்கிறார் என்று எண்ணி உடன் கண்ணீர் விட்டார்கள். நான் எழுந்து போய் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் பேச்சு தெளிந்தது. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் வரும். கவனிக்காவிட்டால் நினைவே தப்பும். இன்சுலினோ, இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கக் கூடாது என்பதைப் பிரசங்க பீடத்திலிருந்தே அறிவிக்கலாம். அது விசுவாசக் குறைவாகாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துன்பமும் அல்ல. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஐக்கிய மெதடிஸ்ட் குருமாரை டியூக் பல்கலைக்கழகத்தார் 2007 முதல் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். உடற்பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவை அந்த மாநிலத்தின் மற்ற மக்களைவிடக் குருமாரிடம் அதிகமாக இருந்தன. மனச்சோர்வும் பொதுமக்களைவிடக் கூடுதலாகவே காணப்பட்டது. நல்ல சம்பளமும் காப்பீடும் உள்ள இடத்திலேயே நிலைமை அதுவென்றால், நம் குருமனைகளை யார் பரிசோதித்துப் பார்த்தார்கள்?

நம் திருச்சபையின் வரலாற்றைப் பார்த்தால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1838இல் இறந்தபோது வயது 47. வடதிருநெல்வேலியில் கூடாரங்களில் தங்கி ஊர் ஊராகப் போய் ஊழியம் செய்த ராக்லாந்து ஐயர் 1858இல் சிவகாசியில் மரித்தபோது வயது 43. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோவதைக் கண்ட மதுரை அமெரிக்க மிஷனெரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். பிறகு மற்ற மிஷனெரிகளும் அங்கே போனார்கள். இடையன்குடியின் தேரி மணலில் வாழ்ந்து உழைத்த கால்டுவெல் பேராயரும் 1891இல் கொடைக்கானலில்தான் கண்மூடினார். வெளிநாட்டு ஊழியருக்கு மலையில் ஓய்வும் தாய்நாட்டு விடுப்பும் ஊழிய ஒழுங்கின் பகுதியாகவே இருந்தன. அவர்களிடமிருந்து ஆலயத்தையும் பதிவேட்டையும் சேகரத்தையும் பெற்றுக்கொண்ட நம் குருமாருக்கு அந்த ஒழுங்கு மட்டும் கைமாறவில்லை.

வேதம் இதற்குத் தடையாக இல்லை. "வனாந்தரமான ஓரிடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று ஆண்டவர் சீஷர்களை அழைத்ததற்கு மாற்கு சொல்லும் காரணம், வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராயிருந்ததால் அவர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லை என்பது. எந்தக் குருமனைத் திண்ணையிலும் இதே காட்சியைக் காணலாம். சாவை விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவையும் தூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் தூங்கவிட்டான்.

மனநலத்தைப் பற்றிப் பேசத்தான் நமக்கு இன்னும் தயக்கம். ஊரின் துக்கமெல்லாம் குருவானவரின் காதில் வந்து சேருகிறது. அவருடைய துக்கத்தை இறக்கிவைக்க அந்த ஊரில் ஆளில்லை. யாரிடமாவது சொன்னால் அது கமிட்டிக்குப் போகும், அடுத்த மாறுதலில் எதிரொலிக்கும் என்ற பயம் நியாயமானதே. 2019இல் உலக சுகாதார நிறுவனம் வேலையால் வரும் மனக்களைப்பை விளக்கியபோது மூன்று அடையாளங்களைச் சொன்னது: சக்தி முற்றிலும் வற்றிப்போதல், செய்யும் பணியிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், செய்வதில் திறமை குன்றிவிட்டதாக உணருதல். ஒரு குருவானவருக்கு இவை வரும்போது, விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்ற பொருளில் பின்மாற்றம் என்று பெயரிட்டுவிடுகிறோம். அவரும் அப்படியே நம்பித் தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளுகிறார். சேகரத்துக்கு வெளியே, முடிந்தால் திருமண்டலத்துக்கும் வெளியே, இரகசியம் காக்கும் ஆலோசகர் ஒருவர் ஒவ்வொரு குருவுக்கும் வேண்டும். அரசின் டெலி மனஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தூக்கமின்மைக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை எடுக்கும் குருவானவரைச் சபை ஒருபோதும் குறைவாக எண்ணக் கூடாது.

ஆகவே கமிட்டி உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலேயே திங்கட்கிழமையைக் குருமனையின் ஓய்வுநாளாகத் தீர்மானம் போட்டு, ஞாயிறு அறிவிப்பில் வாசியுங்கள். சாவு, அவசர நோய் தவிர்த்து அன்றைய தொலைபேசியைச் சபை ஊழியரோ ஒரு மூப்பரோ ஏற்றுக்கொள்ளட்டும். அடக்க ஆராதனைக்குப் போக நேர்ந்தால் பதிலாக வேறொரு நாளைக் கொடுங்கள். குருவானவருக்கும் ஐயரம்மாவுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கண் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் செலவை ஸ்தோத்திரப் பண்டிகைச் செலவோடு சேர்த்து வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுங்கள். முடிவுகள் அவர்களிடம் மட்டும் இருக்கட்டும். வாரத்துக்கு 150 நிமிட நடைக்காக, காலை ஜெபத்துக்கும் முதல் பார்வையாளருக்கும் இடையே அரை மணி நேரம் குருமனைக் கதவைத் தட்டாதிருங்கள். வருகிற டிசம்பரில் கீத பவனி வரும்போது அவருக்குச் சர்க்கரையில்லாத சுக்குத் தண்ணீரைக் கொடுத்து, இரவு பத்து மணிக்குமேல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாலிபர்களே மீதி வீடுகளுக்குப் போகட்டும்.