ஊடுருவல் என்ற சொல்லும் ஆயாவின் குத்துவிளக்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேசும்போது, டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரொட்டஸ்தாந்து இறையியல் பேராசிரியர் ஜி. சி. ஊஸ்ட்ஹைசனைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. நிறவெறி அரசு இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய நிறுவனம் அது என்பதற்காகவே அவருடைய ஆய்வுகளைத் தள்ளிவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. என் குறை வேறு.

1975இல் அவர் வெளியிட்ட நூல், டர்பன் இந்தியரிடையே பெந்தெகொஸ்தே சபைகள் பரவியதை ஆராய்கிறது. அதன் தலைப்பிலேயே 'ஊடுருவல்' என்று பொருள்படும் சொல் நிற்கிறது. ஊடுருவல் என்றால் ஒருவன் வெளியிலிருந்து உள்ளே நுழைகிறான், வீட்டிலிருப்பவன் சும்மா நிற்கிறான் என்றாகிறது. மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து, இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த் புறநகருக்குக் குடிபெயர்க்கப்பட்ட என் ஆயா (பாட்டி) அப்படி நிற்கவில்லை. ஏன் சபைக்குப் போனீர்கள் என்று கேட்டால், "ஜெபம் பண்ணாங்க, புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுது" என்பார், அவ்வளவுதான். குத்துவிளக்கைப் பழைய சேலையில் சுற்றி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாரே தவிர, கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை. தைப்பூசக் காவடி தெருவில் வரும்போது வேலியோரம் நின்று பார்ப்பார். பாஸ்டருக்கு அது தெரியும்.

மக்களை வெளியிலிருந்தே எடைபோடும் இந்தச் சிக்கல் பேராசிரியரிடம் முன்பே இருந்தது. ஜூலு தீர்க்கதரிசி ஐசாயா ஷெம்பேயின் பாமாலையை 1967இல் ஆராய்ந்தபோது, ஆடிப் பாடுவதற்கென்று பிறந்த பாடல்களை அவர் கோட்பாட்டு நூலைப் படிப்பதுபோல் படித்தார் என்று மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அடுத்த ஆண்டே, ஆப்பிரிக்கர்கள் தாங்களே தொடங்கி நடத்தும் சுயாதீனச் சபைகள் பலவும் கிறிஸ்தவ எல்லையைத் தாண்டிவிட்டன என்னும் போக்கில் இன்னொரு நூல் எழுதினார். ஆனால் அதே மனிதர் 1992இல், அச்சபைகளில் நோய் தீர்க்கும் தீர்க்கதரிசிகளைப் பற்றி எழுதும்போது அவர்களை எடைபோடுவதை விட்டு, பெரிதும் காதுகொடுத்துக் கேட்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளில் தன் பார்வையைத் திருத்திக்கொள்வது பேராசிரியர்களிடம் (நம் பாஸ்டர்களிடமும்தான்) அரிது என்பதால், இதற்காகவே அவரை மதிக்கிறேன்.

அந்தக் காது நம் பக்கமும் திரும்பியிருக்க வேண்டும். அந்த 1975 நூல் ஆங்கிலத்தில் நூலகத்தில் இருக்கிறது. ஆயா பாடிய கீர்த்தனைகளோ, மெட்டு மறந்த இடத்தில் பஜனைப் பாட்டின் மெட்டைப் போட்டு அவர் பாடிய விதமோ எங்கும் பதிவாகவில்லை. தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டியாவது வாசிக்கிற முதியவர்கள் சாட்ஸ்வொர்த்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இறையியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு தேடி அலையாமல், கைபேசியோடு அவர்கள் வீட்டுக்குப் போகலாம்.