உலகக் கோப்பைக்குக் கொட்டாவியா?

2022 டிசம்பர் 19, திங்கட்கிழமை காலை. நியூ ஜெர்ஸியில் நல்ல குளிர். காரை ஸ்டார்ட் செய்து, ஹீட்டரைப் போட்டுவிட்டு, வழக்கமாகக் கேட்கும் ஸ்போர்ட்ஸ் ரேடியோவை வைத்தேன். பல வருடப் பழக்கம். முந்தின நாள் பார்த்த ஆட்டம் இன்னும் உடம்பை விட்டு இறங்கவில்லை. அர்ஜென்டினாவும் பிரான்ஸும் ஆடிய உலகக் கோப்பை இறுதிப் போட்டி. எண்பது நிமிடம் வரை 2-0. அதற்குப் பிறகு எம்பாப்பே இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்தார். கூடுதல் நேரத்தில் மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே மறுபடி ஒன்று, 3-3. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கோலோ முவானி தனியாக வந்து அடித்த பந்தை எமிலியானோ மார்டினெஸ் இடது காலை நீட்டித் தடுத்தாரே, அந்தக் காட்சியை ராத்திரி தூங்கும்வரை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. அப்புறம் பெனால்ட்டியில் அர்ஜென்டினா 4-2.

யாராவது இதைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அலுவலகம் போய்ச் சேர நாற்பது நிமிடம். நாற்பது நிமிடமும் ஜெட்ஸ், ஜயண்ட்ஸ். பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கன் ஃபுட்பால் அணிகள். ஜெட்ஸ் டெட்ராய்ட்டிடம் 20-17 என்று தோற்றுவிட்டது, ஜயண்ட்ஸ் வாஷிங்டனை ஜெயித்துவிட்டது. சரி, உள்ளூர் அணிகள், பேச வேண்டியதுதான். நானும் ஜயண்ட்ஸ் ரசிகன்தான், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நடுவில் ஒருவர் போன் செய்தார். ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலம். குரலில் அவ்வளவு சந்தோஷம். "நேற்று ஃபைனல் பார்த்தீர்களா?" என்றார். பதிலுக்கு ரேடியோவில் ஒரு கொட்டாவிச் சத்தம். தொகுப்பாளர் விட்ட கொட்டாவி அல்ல அது. பதிவு செய்து வைத்திருந்த சத்தம். கால்பந்து என்று யாராவது வாயைத் திறந்தால் போடுவதற்கென்றே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கூட இருந்தவர் சிரித்தார். தொகுப்பாளர் அந்த மனிதரின் உச்சரிப்பிலேயே "கோ...ல்" என்று இழுத்துக் காட்டிவிட்டு, "அடுத்த அழைப்பு" என்று லைனைத் துண்டித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. இப்போது எழுதும்போதும் எரிகிறது.

கால்பந்து பிடிக்கவில்லை என்றால் பிடிக்க வேண்டாம். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஆனால் விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர், உலகமே பார்த்த ஒரு விளையாட்டைப் பார்க்காமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது என்ன நியாயம்? சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவர் "எனக்குச் சோறு என்றாலே ஆகாது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்" என்று சொன்னால் ஒரு வாரம் வேலையில் வைத்திருப்பார்களா? இங்கே மட்டும் அறியாமை ஒரு தகுதி.

அவர்கள் சொல்லும் காரணங்களையாவது பார்ப்போம். "கோலே விழாது, போரடிக்கும்." அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு டச்டவுனுக்கு 6 புள்ளி, கூடவே எக்ஸ்ட்ரா பாயின்ட் 1. 14-7 என்றால் ஓர் அணி இரண்டு தடவை எல்லையைத் தொட்டது, மற்றது ஒரு தடவை. எங்கள் கணக்கில் அது 2-1. அதே 2-1 கால்பந்தில் வந்தால் "ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல்.லில் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ஓர் ஆட்டத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது சராசரி 11 நிமிடம்தான் என்று 2010ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் கணக்கெடுத்து எழுதியது. மிச்ச நேரம் முழுக்க வட்டமாக நின்று பேசுவது, ரீப்ளே, பீர் விளம்பரம், டிரக் விளம்பரம். கால்பந்தில் 45 நிமிடம் விளம்பரமே கிடையாது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் கோல் போய்விடும். இதில் எது போர்?

"டிராவில் முடியும் ஆட்டம் ஒரு ஆட்டமா?" இது இன்னொன்று. அந்த இறுதிப் போட்டிக்குச் சரியாக இரண்டு வாரம் முன்னால், டிசம்பர் 4 அன்று, இதே ஜயண்ட்ஸும் வாஷிங்டனும் 20-20 என்று டிரா செய்தார்கள். அடுத்த நாள் இதே ரேடியோ கொட்டாவிப் பொத்தானை அழுத்தவில்லை. அந்த டிரா ப்ளே-ஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுக்குப் போகும் வாய்ப்பை எப்படி மாற்றும் என்று வாரம் முழுக்க அலசினார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதைத்தான்.

இந்த ஏளனத்துக்குப் பயந்து கால்பந்துக்காரர்களே தங்கள் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்ட கதையும் உண்டு. 1996ல் அமெரிக்கக் கால்பந்து லீகான எம்.எல்.எஸ். தொடங்கியபோது டிராவே கூடாது என்று 35 கஜத்திலிருந்து ஓடிவந்து 5 விநாடிக்குள் அடிக்கும் ஷூட்-அவுட் வைத்தார்கள். மற்ற அமெரிக்க ஆட்டங்களைப் போலக் கடிகாரத்தைப் பின்னோக்கி ஓடவிட்டார்கள். உலகின் மற்ற பெரிய லீகுகளில் இல்லாத கூத்து. கேலி செய்தவர்கள் யாராவது அதனால் ரசிகர் ஆனார்களா? ஒருவரும் வரவில்லை. இருந்த ரசிகர்கள்தான் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1999 சீசனோடு அதை விட்டொழித்தார்கள்.

அடுத்தது, "இங்கே யார் பார்க்கிறார்கள்?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். 1994 உலகக் கோப்பை இந்த நாட்டில் நடந்தது. 24 அணிகள், 52 ஆட்டங்கள், மைதானத்துக்கு வந்தவர்கள் சுமார் 36 லட்சம் பேர். பின்னால் 32 அணி, 64 ஆட்டம் என்று பெரிதாக்கியும் 2022 வரை எந்த நாட்டாலும் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியவில்லை. 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குக் கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர். நான் கொட்டாவிச் சத்தம் கேட்ட அந்த 2022 இறுதிப் போட்டியை ஆங்கிலச் சேனலும் ஸ்பானிஷ் சேனலும் சேர்த்து அமெரிக்காவில் இரண்டரைக் கோடிக்கு மேல் பார்த்தார்கள்.

நியூ ஜெர்ஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் இப்போது மெட்லைஃப் ஸ்டேடியம் நிற்கிறதே, அதை ஒட்டித்தான் பழைய ஜயண்ட்ஸ் ஸ்டேடியம் இருந்தது. 1977 ஆகஸ்டில் பெலே ஆடிய காஸ்மாஸ் அணியைப் பார்க்க அங்கே 77,691 பேர் வந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கியர்னி. ஸ்காட்லாந்திலிருந்து நூல் ஆலை வேலைக்கு வந்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கால்பந்தை வேரூன்றவைத்த ஊர். ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, டாப் ராமோஸ் மூன்று பேரும் அந்த வட்டாரத்தில் வளர்ந்தவர்கள், 1990 உலகக் கோப்பைக்கு அமெரிக்க அணியில் மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள். அந்த ரேடியோ நிலையத்திலிருந்து காரில் எட்டிப்போகும் தூரத்தில் இவ்வளவும் இருக்கிறது. ஆனால் அவர்கள் வாயில் இது "வெளிநாட்டு ஆட்டம்".

விஷயம் அங்கேதான் இருக்கிறது. 1994 உலகக் கோப்பையை இங்கே நடத்துவது பற்றிய தீர்மானம் 1986ல் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது ஜாக் கெம்ப் என்ற உறுப்பினர் எழுந்து, அமெரிக்கன் ஃபுட்பால் ஜனநாயக முதலாளித்துவம், கால்பந்து ஐரோப்பிய சோஷலிசம் என்று பேசினார். அவர் பஃபலோ பில்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காக முன்பு ஆடியவர். பாதி விளையாட்டாகச் சொன்னேன் என்று பிற்பாடு விளக்கம் கொடுத்தார். 2014ல் அமெரிக்கா உலகக் கோப்பையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே வலதுசாரிப் பத்தி எழுத்தாளர் ஆன் கோல்ட்டர், கால்பந்து ஆர்வம் நாட்டின் ஒழுக்கச் சீரழிவுக்கு அடையாளம் என்று பத்தி எழுதினார். கொள்ளுத்தாத்தா இங்கே பிறந்த எந்த அமெரிக்கனும் இதைப் பார்ப்பதில்லையாம். என் கொள்ளுத்தாத்தா இங்கே பிறக்கவில்லை. போன் செய்த அந்த மனிதருடைய கொள்ளுத்தாத்தாவும் பிறந்திருக்க மாட்டார். அதனால் எங்கள் சந்தோஷம் செல்லாதா? வரி கட்டுகிறோம், பிள்ளைகளைச் சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டுக் குளிரில் நிற்கிறோம். அங்கே ஓடும் பிள்ளைகளில் எல்லா நிறமும் இருக்கிறது. அவர்களை எல்லாம் ஒரு கொட்டாவியில் ஊதித் தள்ளுகிறார்கள்.

ஒழுங்காகச் செய்ய முடியாது என்றும் இல்லை. 2006ல் உலகக் கோப்பையின் முக்கிய வர்ணனைக்கு இ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் ஒரு பேஸ்பால் வர்ணனையாளரைப் போட்டு ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 2010ல் மார்ட்டின் டைலர், இயன் டார்க் என்ற பிரிட்டிஷ் கால்பந்து வர்ணனையாளர்களைக் கூட்டிவந்தது. அல்ஜீரியாவுக்கு எதிராக 91-வது நிமிடத்தில் அமெரிக்காவின் டானவன் கோல் அடித்தபோது டார்க் கத்தியதை இன்றும் ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2013லிருந்து என்.பி.சி. சேனல் இங்கிலாந்தின் பிரீமியர் லீகைக் காட்டுகிறது. ஆட்டம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து, பார்க்கிறவர்களுக்கும் ஆட்டம் தெரியும் என்ற மரியாதையோடு பேசுகிறார்கள். அவ்வளவுதான் நாங்கள் கேட்பது.

இதையெல்லாம் விட என்னை அதிகம் வருத்துவது வால்டர் பார் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் கதை.

1950 ஜூன் 29, பிரேசிலின் பெலோ ஹொரிசோன்ட்டே. உலகக் கோப்பையில் அமெரிக்கா இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. இங்கிலாந்து பக்கம் டாம் ஃபின்னி, பில்லி ரைட், ஆல்ஃப் ராம்சே. அமெரிக்கக் கோல்கீப்பர் ஃபிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டியவர். வால்டர் பார் ஃபிலடெல்பியாவில் பள்ளி ஆசிரியர். அவர் தூரத்திலிருந்து அடித்த பந்தில் பாய்ந்து தலையைக் கொடுத்துக் கோலாக்கியவர் ஜோ கேட்ஜென்ஸ், ஹெய்ட்டிக்காரர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நியூயார்க் உணவகத்தில் பாத்திரம் கழுவியவர். பிற்பாடு ஊர் திரும்பி, 1964ல் ஹெய்ட்டி சர்வாதிகாரி டுவாலியரின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போய், திரும்பி வராமலே போனவர். உலகக் கோப்பை வரலாற்றிலேயே இப்படி ஓர் அதிர்ச்சி வெற்றி அபூர்வம். அதைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து எத்தனை பத்திரிகையாளர் போனார்கள் தெரியுமா? ஒரே ஒருவர். செயின்ட் லூயிஸ் பத்திரிகையின் டென்ட் மெக்ஸ்கிம்மிங். அவரையும் அலுவலகம் அனுப்பவில்லை. லீவு போட்டு, சொந்தக் காசில் போனார்.

வால்டர் பாருக்கு மூன்று மகன்கள். அதில் மேட் பார் 1991 ஜனவரியில் ஜயண்ட்ஸுக்காக ஆடி, என்.எஃப்.எல்.லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் உதைத்த ஃபீல்ட் கோலால்தான் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து வாங்கும் 3 புள்ளி) பஃபலோவை 20-19 என்று வென்றார்கள். இந்த ஊரில் அந்தப் பெயர் தெரியாத ஜயண்ட்ஸ் ரசிகன் இல்லை. உதைக்கக் கற்றது கால்பந்து வீட்டில். மகன் பெயர் அத்தனை பேருக்கும் தெரியும், அப்பா பெயர் ஒருவருக்கும் தெரியாது.

வால்டர் பார் 2018 ஜூன் 18 அன்று 91 வயதில் இறந்தார். அந்த அணியில் கடைசியாக உயிரோடு இருந்தவர். ரஷ்யாவில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த நேரம். மறுநாள் காலை ரேடியோவில் ஒரு வரியாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அலுவலக வாசலில் காரை நிறுத்திவிட்டு நானே போன் போட்டேன். இத்தனை வருடத்தில் நான் போன் செய்தது அந்த ஒரு தடவைதான். எடுத்த பையன், "எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்?" என்றான்.

"வால்டர் பார் இறந்துவிட்டார்."

"யார்?"

"மேட் பாரின் அப்பா."

"அட, மேட் பார்! சூப்பர் பவுல் 25! லைனில் இருங்கள் சார், அடுத்தது நீங்கள்தான்" என்றான். குரலே மாறிவிட்டது. பிறகு, எழுதிக்கொள்வதற்காக, "அப்பாவும் என்.எஃப்.எல்.லில் ஆடினாரா?" என்று கேட்டான்.

"இல்லை. 1950 உலகக் கோப்பையில் இங்கிலாந்தைத் தோற்கடித்த அமெரிக்கக் கால்பந்து அணி."

"ஓ, சாக்கர்" என்றான். கொஞ்சம் பொறுக்கச் சொன்னான். விளம்பரங்கள் ஓடின. ஜெட்ஸ் பற்றி ஒருவர் பேசினார், யாங்கீஸ் பேஸ்பால் அணி பற்றி இரண்டு பேர் பேசினார்கள். இருபது நிமிடம் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் லைன் கட்டாகிவிட்டது.