"ஸ்டாக் ராடே தாங்கும்" என்றவர் இப்போது என் காலைக் குறை சொல்கிறார்

என் டொயோட்டா 86-இன் என்ஜின் பிளாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆயில் பேனில் உலோகத் துண்டுகள். அதையெல்லாம் பார்த்துவிட்டு, இந்தக் காருக்கு டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) போட்டுக் கொடுத்த பட்டறைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, நீங்க எப்படி ஓட்டுனீங்க?"

எப்படி ஓட்டுவேன்? காராக் நெடுஞ்சாலை ஏற்றத்தில், ஆறாவது கியரில், லாரியை முந்த மிதித்தேன். ஸ்போர்ட்ஸ் காரை மிதிக்கக் கூடாது என்றால் டர்போ எதற்குப் போட்டுக் கொடுத்தீர்கள்?

பணம் வாங்கும்போது இவர் பேசியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அரை பார் பூஸ்ட் ஒண்ணுமே இல்ல லா அண்ணே. பிஸ்டன், ராட் எதையும் தொட வேணாம். முன்னூறு குதிரை வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுத் தாங்கும்." பூஸ்ட் என்றால் டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றழுத்தம்; ராட் என்றால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு; ஸ்டாக் என்றால் கம்பெனி போட்ட அதே பாகம். டொயோட்டா 86-இன் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற விகிதம்) 12.5 ஆயிற்றே என்றேன். "டியூன்ல பாத்துக்கலாம்." என்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவதைச் சொல்கிறார். பெட்ரோல்? "ரான் 97 போதும்." மூவாயிரம் ஆர்பிஎம்மில் டார்க் (முறுக்கு விசை) எவ்வளவு ஏறுகிறது என்று கேட்டேன். டைனோ (காரை உருளை மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) தாளின் உச்சியில் இருந்த குதிரைத்திறன் எண்ணைத் தட்டிக் காட்டினார். நாக் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பது) எவ்வளவு, கலவை எப்படி, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு, அந்த லாக்கை, அதாவது பதிவைக் கொடுங்கள் என்றேன். "லேப்டாப்ல இருக்கு, அப்புறம் அனுப்புறேன்." இன்றுவரை வரவில்லை.

அந்த என்ஜின் டர்போ இல்லாமல் ஓடுவதற்காகச் செய்தது. அதே குடும்பத்து என்ஜினை சுபாரு WRX-க்கு டர்போவோடு கொடுத்தபோது, கம்பெனியே கம்ப்ரஷனை 10.6-க்கு இறக்கியது. செய்தவர்களே இறக்கிய இடத்தில் இவர் 12.5-ஐ அப்படியே வைத்து, மேலே அரை பார் ஏற்றுகிறார். அரை பார் என்றால் சிலிண்டருக்குள் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு காற்று. அது ஒன்றுமே இல்லையா?

ராடை வளைப்பது தாளின் உச்சியில் அச்சடித்த குதிரைத்திறன் இல்லை, டார்க். குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் முழுதாக ஏறும்போதுதான் சிலிண்டர் அழுத்தம் ராடை நசுக்குகிறது. அந்த இடத்தில் பூஸ்ட்டைக் கட்டிப்போட்டு, மேலே போகப்போகத் திறந்துவிடுவது டியூன் செய்கிறவரின் வேலை, என் காலின் வேலை இல்லை. ஸ்டாக் ராடோடு வருடக்கணக்கில் நன்றாக ஓடும் கார்களும் உண்டு. அவற்றை டியூன் செய்தவர்கள் டார்க்கை மெதுவாக ஏற்றி, தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஆயில் கூலரும் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

இவர் டைனோவில் ஓட்டியது ராத்திரியில். முன்னால் பெரிய காற்றாடி, ஒவ்வொரு ஓட்டமும் சில வினாடி. கோலாலம்பூர் மத்தியான வெயில் 33 டிகிரி. ஜாலான் டூத்தா நெரிசலில் நின்று இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) கொதித்த பிறகு, மலை ஏற்றத்தில் நிமிடக்கணக்கில் பாரம் இழுக்க வேண்டும். காற்று சூடானால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேரும் முன்பே மிச்சக் கலவை தானே வெடிக்கும். அந்த ஒவ்வொரு நாக்கும் பிஸ்டன் விளிம்பிலும் ராடிலும்தான் இறங்குகிறது. இதை ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்தாரா?

எனக்கு வயிறு எரிவது அடுத்த வார்த்தைக்குத்தான். "ஃபோர்ஜ்டு பிஸ்டன், ராட் போட்டுடலாம் அண்ணே. அப்பவே போட்டிருந்தா இந்தப் பிரச்சனை வந்திருக்காது." அந்தப் பலமான பாகங்களை அப்போது வேண்டாம் என்றது யார்? நானா?

சரி, காரை இழுவை லாரியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.